துரையின் காதும் கச்சேரி நாற்காலியும்

மார்ச் 3, 1911. பதுளை.
நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாகிய என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதைப் பழுதுபார்க்கக் கோரி அரசாங்கக் கச்சேரிக்கு நான் எழுதிய மனுவுக்கு இன்று இரண்டு வயது. லிகிதர் காமிலிடம் விசாரித்தேன். "மனு சுகமா ஈக்கி, லூக்காஸ்" என்றார். சுகமாக இருக்கிறதாம்.
மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர் வேலைக்கு அழைக்கிறார்கள். சம்பளம் இரட்டிப்பு. ஆயினும் அரசாங்க உத்தியோகத்தை விடவில்லை. மூன்று மாத விடுப்பு மட்டும் எடுத்திருக்கிறேன்.

மார்ச் 14. மடுல்சீமை.
நல்ல நாற்காலி ஒன்று கேட்டேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு சொல் சொன்னார். மாலைக்குள் தச்சன் செய்து கொண்டுவந்தான். மனு இல்லை, மேலொப்பம் இல்லை. ஒப்பந்தம் எழுதிக்கொள்வோமா என்றதற்கும் துரை சிரித்தார். விலகுவதானால் ஒரு மாதம் முன்பு வாயால் சொன்னால் போதுமாம். சட்டம் படித்த நான் அதற்கு இணங்கினேன். நாற்காலி அவ்வளவு சொகுசு.

மார்ச் 27.
அரசாங்க உத்தியோகத்துக்கு விலகல் கடிதம் அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 3.
காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும் வேளை. கொழுந்து பறிக்கும் வேலாயி முன்னே வந்தாள். "தொரைங்களே, இன்னியிலேருந்து ஒரு மாசத்துல நான் வெலகிக்கிறேங்க."
துரை நாயைப் பார்த்துச் சீட்டியடித்தார். நான் அவர் தோளருகே நின்றேன். எனக்குத் தெளிவாகக் கேட்டது. காற்றும் அதிகமில்லை.

ஏப்ரல் 8.
தச்சனைத் துரை நீக்கிவிட்டார். அதற்கும் ஒரு சொல்லே போதுமாயிருந்தது.

மே 5.
மாதம் முடிந்ததும் வேலாயி மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள். சொல்லாமல் ஓடியதாக வழிமறித்துப் பிடித்து, பதுளையில் மறியலில், சிறையறையில், வைத்திருக்கிறார்கள். நோட்டீஸின்றித் தோட்டத்தை விட்டால் சட்டப்படி குற்றம். துரை தரப்புச் சாட்சி நான்.
"அவ நோட்டீஸ் குடுக்கலே. நீ பக்கத்துலே நின்னே" என்றார் துரை. பொய் சொல்லச் சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். துரையளவில் அது செவியின் குறைபாடு. 'சொன்னேங்க, தொரை காதுல விழல' என்று கோர்ட்டில் எத்தனை பேர் சொல்லியதை நான் ஆங்கிலமாக்கியிருக்கிறேன்! அது வழக்கமான சாக்கு என்றே எண்ணியிருந்தேன்.

மே 9.
பெரட்டில் நானும் விலகுவதாகத் தெரிவித்தேன். ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை, இரண்டிலும் இலக்கணப் பிழையின்றி. துரை நாய்க்குச் சீட்டியடித்தார். தலைக்கங்காணி கபிரியேல் பிறகு என் காதோரம், "ஐயா கொஞ்சம் கொரைச்சிப் பாத்திருக்கலாங்க" என்றார்.
கோர்ட்டில் உண்மையைச் சொன்னால் இந்த வேலை போச்சு. அந்த வேலைய நானே விட்டாச்சு. எவன் எழுதச் சொன்னான் அந்தக் கடிதத்த?

மே 18. பதுளை.
சாட்சிக் கூண்டில் ஏறினேன். வேலாயி நோட்டீஸ் கொடுத்தாளா என்று நீதவான் வினவினார். "கொடுத்தாள். என் காது துரையின் காதுக்கு மிகச் சமீபத்தில் இருந்தது. எனக்குக் கேட்டது" என்றேன்.
வேலாயி விடுதலை. வாசலில், நான் விலகுவதாகத் துரையிடம் மறுபடி சொன்னேன். இன்று அவருக்கு நன்றாகக் கேட்டது. இப்போதே போகலாம் என்றார். ஒரு மாதம்கூடத் தேவைப்படவில்லை.
"ஐயா இனி எங்கிட்டுப் போவீங்க?" என்றாள் வேலாயி.

மே 19.
கச்சேரிக்குப் போனேன். என் விலகல் கடிதம் என்னவாயிற்று என்று காமிலிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "ஒங்கட கடிதமா? நாற்காலி மனுவுக்கு மேலதான் ஈக்கி. அந்தக் கட்ட இன்னும் ஆரும் அவுக்கல்ல."
திருப்பித் தர இயலுமா என்றேன்.
"ஏலா. வேணுமெண்டா மனு எழுதுங்க."

ஜூன் 5.
விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பினேன். நான் எங்கே போயிருந்தேன் என்று எவரும் கேட்கவில்லை. நாற்காலி முன்னிலும் மோசமாக ஆடுகிறது. நினைவூட்டல் எழுதப் பேனாவை எடுத்தேன் — வைத்துவிட்டேன். நாற்காலி மனுவைத் தேடுகிறவர் முதலில் அதன் மேல் கிடப்பதைப் படிக்க நேரிடும்.
ஆடட்டும்.