தேயிலைப் பெட்டிக்குள் மடங்கிய கால்

அப்பா,

இன்று காலை ஏலப்பாறைக்குப் போகும் வழியில் ஜீப் ஒரு குழியில் இறங்கி ஏறியது. மடியில் வைத்திருந்த கண்ணாடி போய்விட்டதோ என்று பதறி, சுற்றியிருந்த சேலையைப் பிரித்துப் பார்த்தேன். உடையவில்லை. மூலையில் நீங்கள் ஒட்டிய பிளாஸ்திரி மட்டும் பிய்ந்து தொங்கியது. நம் வீட்டு பீரோ கதவிலிருந்து கழற்றிய அதே கண்ணாடிதான். வீடு வீடாகப் போய் நோயாளிகளின் வலி தணிக்கும் எங்கள் பாலியேட்டிவ் வண்டியில் இப்போது அதற்கும் ஓர் இடம் உண்டு. பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டும்போதே உங்களோடு பேச வேண்டும்போல் இருந்தது.

கொழுந்து ஏற்றிய டிராக்டர் வளைவில் கவிழ்ந்ததும், உங்கள் இடது கால் மடங்கியபடியே அதன் அடியில் சிக்கிக்கொண்டதும் நான் கேட்ட செய்திதான். நான் பார்த்தது ஆஸ்பத்திரியில். கால் போயிற்று, ஆள் மிஞ்சினீர்கள். தொடை நடுவில் வெட்டி எடுத்த காலைத் துணியில் சுற்றிச் சித்தப்பாவிடம் கொடுத்தார்கள். உடம்பில் எந்தப் பாகமானாலும் சாமியார் மந்திரித்த கல்லறை மண்ணுக்குத்தான் போக வேண்டும் என்பது நம் எஸ்டேட் லயத்து வழக்கம். சித்தப்பா தன் வீட்டில் பாத்திரம் போட்டு வைத்திருந்த பழைய தேயிலைப் பெட்டியைக் காலி செய்தார். பெட்டி குட்டை, உங்கள் கால் நீளம். முழங்காலை மடக்கி உள்ளே வைத்து, மாதா கோவில் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்தார்.

வெட்டிய இடம் நன்றாகவே ஆறியது. அதற்குப் பிறகுதான் எல்லாம் தொடங்கியது.

"வெரலு மடங்கிக் கெடக்கும்மா. நகம் உள்ளங்காலக் குத்துது. ஆராவது நிமுத்தி விடுங்களேன்."

"எந்தக் கால்ப்பா?"

"இல்லாத கால்தான். பின்ன எந்தக் கால்?"

நர்ஸ் படிப்பில் வலியைப் பற்றி நான் படித்து வைத்திருந்தேன். சதையில் அடிபட்ட வலி விண்விண்ணென்று தெறிக்கும், புண் ஆற ஆற அடங்கும், சாதாரண மாத்திரைக்குக் கட்டுப்படும். நரம்பே கெட்டுப்போய் எழுப்பும் வலி வேறு. அது எரியும், கரண்ட் அடித்தாற்போல் இழுக்கும், அதற்கு மாத்திரையும் வேறு. உங்களுக்கு டாக்டர் கொடுத்த நரம்பு மாத்திரையில் எரிச்சல் குறைந்தது. ஆனால் அந்த மடங்கல் மட்டும் போகவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

அம்மாவுக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்திருந்தது. "பெட்டிக்குள்ள மடக்கி வச்சிட்டு வந்தா நிமுந்தா கெடக்கும்? தோண்டி எடுத்து நீட்டி வைக்கச் சொல்லுங்க." சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். பாவம், தன் கையால்தான் அண்ணனுக்கு இந்தப் பாடு வந்தது என்று அவரும் நம்பினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தோண்டுவது என்று பேசி முடித்துவிட்டார்கள். நீங்களும் சம்மதித்தீர்கள். "தோண்டி நிமுத்துங்க. அதுலயும் கேக்கலன்னா இன்னும் மேல வெட்டச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு."

அந்த இரண்டாவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. பெட்டியைத் திறந்து, எலும்பை நீட்டி வைத்த பிறகும் வலித்தால் நீங்கள் கத்தியைத்தான் கேட்பீர்கள். இன்னும் மேலே வெட்டினாலும் வலி போகும் என்று யார் சொல்ல முடியும்? வலி காலில் இல்லையே.

சனிக்கிழமை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். மூளையில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இடம் இருக்கிறது. கால் போனாலும் அந்த இடம் போவதில்லை. காலிலிருந்து ஒரு செய்தியும் வராததால் அது தானாகவே கூச்சல் போடுகிறது. டிராக்டருக்கு அடியில் கால் கடைசியாக எப்படிக் கிடந்ததோ, அதையே பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் சுவரைப் பார்த்தபடி இருந்தீர்கள். பிறகு வேறு விதமாகச் சொன்னேன். "காலையில மஸ்டர்ல பேர் கூப்பிடுவாங்கல்ல? ஆள் எஸ்டேட்ட விட்டே போயாச்சு. கங்காணிக்குத் தெரியாது. பதில் வரலன்னு சத்தத்தக் கூட்டிக் கூட்டிக் கூப்பிடுறாரு. அதுதான்ப்பா வலி."

"அப்ப அந்தக் கங்காணிகிட்ட ஆள் இல்லன்னு போய்ச் சொல்லேன்" என்றீர்கள். அத்தனை வேதனையிலும் நக்கல் குறையவில்லை.

"சொன்னா கேக்க மாட்டாரு. ஆளக் கண்ணுல காட்டணும்."

மறுநாள் பூசையிலிருந்து வந்ததும் பீரோ கதவுக் கண்ணாடியைக் கழற்றினேன். மூலை சில்லுப் போயிற்று, அம்மா திட்டினாள். கட்டிலில் உங்கள் கால்களுக்கு நடுவே அதை நிறுத்தினேன். இடது தொடை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்தது. முன்னால் வலது காலும், இல்லாத இடது கால்போலவே அதன் பிம்பமும். வாசலில் சித்தப்பா மம்பட்டியோடு வந்து நின்றார். "அண்ணே, கெளம்பட்டுமா?"

நீங்கள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திடீரென்று, "எடுட்டி இத! என்ன வெளையாட்டு காட்டுத?" என்று கத்தினீர்கள். நான் எடுக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "வலது கால் விரல மடக்குங்கப்பா. அந்தக் காலும் சேந்து மடங்குதுன்னு நெனச்சுக்கோங்க. இப்ப மெதுவா விரிங்க."

மடக்கினீர்கள். வலி கூடியதுபோல முகம் கோணியது. சித்தப்பா ஒரு படி உள்ளே ஏறினார். நான் செத்தேன் என்றே நினைத்தேன். விரித்தீர்கள். மறுபடி மடக்கினீர்கள், மறுபடி விரித்தீர்கள். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது, அடுப்பில் அம்மா வைத்த சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"விடுது" என்றீர்கள். "ஏட்டி, வெரலு விடுது."

சித்தப்பா மம்பட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அன்று சாயங்காலமே வலி திரும்பி வந்தது. அதைப் பார்த்து நான் சோர்ந்தேன், நீங்கள் சோரவில்லை. தினமும் கண்ணாடியைக் கேட்டு வாங்கினீர்கள். விரலைக் கிழிக்கிறதென்று சில்லுப்போன மூலையில் பிளாஸ்திரி ஒட்டினீர்கள். சில மாதங்களில் வலி எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற அளவுக்குச் சிறுத்தது. மேலே வெட்டும் பேச்சை நீங்கள் அப்புறம் எடுக்கவே இல்லை.

போன மழைக்காலத்தில் உங்களைக் கொண்டுபோன வலி நெஞ்சில்கூட வரவில்லை. தாடையிலும் இடது தோளிலும் வந்தது. இதயத்தின் வலியை மூளை சில சமயம் தோளுடையதென்று எண்ணிக்கொள்ளும். அம்மா தைலம் தேய்த்திருக்கிறாள். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கால் புதைத்த இடத்தை ஒட்டியே உங்களுக்குக் குழி வெட்டினார்கள். பெட்டி மக்கி, எலும்புகள் மடங்கிய வாக்கில் கிடந்தன. யாரும் சொல்லாமலே சித்தப்பா குழிக்குள் இறங்கினார். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, உங்கள் இடது பக்கத்தில் வரிசையாக வைத்தார். "நேரா இருக்கா?" என்று அம்மா மேலிருந்து கேட்டாள். வலி எங்கே இருக்கிறதென்று எல்லாருக்கும் எடுத்துச் சொன்ன நானும் குனிந்து எட்டிப் பார்த்தேன். பாதம் கொஞ்சம் திரும்பியிருந்தது. "சித்தப்பா, அத நிமுத்தி வைங்க" என்றேன்.

இன்று ஏலப்பாறையில், கை இழந்த ஒருவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "இல்லாத கை வலிக்குன்னு சொன்னா நம்புவீகளா?" நம்புவேன் என்றேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் எப்போதும்போல வாசலில் நின்று "அப்பா" என்று கூப்பிட்டேன். நீங்கள் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் கங்காணிக்குத்தான் இன்னும் தெரியவில்லை.