அம்மாவின் பல்செட்டும் ஃப்ளெக்ஸ் கணக்கும்

ஜனவரி 14, செவ்வாய்

அம்மாவின் பல்செட்டுக்கு அனுப்பிய ரசீது திரும்பி வந்துவிட்டது. ‘இந்தக் கணக்கு உங்களைச் சார்ந்தவரைப் பார்த்துக்கொள்ளும் செலவுக்கு மட்டும். சிகிச்சைக்கு அல்ல.’

வேலையில் சேர்ந்த புதிதில், சம்பளத்தில் வரியில்லாமல் பணம் ஒதுக்கிவைக்கும் ஃப்ளெக்ஸ் கணக்குகள் இரண்டு திரையில் இருந்தன. ஒன்று ‘ஹெல்த்’, மற்றது ‘டிபெண்டன்ட் கேர்’. என்னைச் சார்ந்திருப்பது அம்மா. டாக்டர் செய்வதும் கேர்தானே? இரண்டாவதை அழுத்தினேன். எங்கள் வீட்டில் இதற்கு முன் யாருக்கும் இப்படி ஒரு கணக்கு இருந்ததில்லை. பக்கத்து மேஜை டேரலைக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

இனி வருஷம் முழுக்கச் சம்பளத்தில் பிடிப்பார்கள். செலவழிக்காதது போயே போய்விடும்.

ஜனவரி 16

டேரலிடம் கேட்டேவிட்டேன். “நடுவுல மாத்த முடியாது கோரின். கல்யாணம் பண்ணிக்கிட்டா மாத்தலாம். வெள்ளிக்கிழமை நான் ஃப்ரீதான்.”

காது வரை சுட்டது. ஆனால் அதென்ன, கல்யாணம் பண்ணிக்கொண்டால்?

ஜனவரி 27

எதற்கெல்லாம் நடுவில் மாற்றலாம் என்ற பட்டியலைப் பணியாளர் பிரிவின் மிஸஸ் வார்கோ காட்டினார். திருமணம், விவாகரத்து, பிறப்பு, இறப்பு, வேலை மாற்றம், கவனிப்பு நேரத்தில் மாற்றம்... வாழ்க்கையில் எதெல்லாம் மாற்றம் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். யார் அது? பல் உடைவது அதில் இல்லை. பக்கவாதம் வந்து விழுந்த அன்று பழைய செட் உடைந்ததிலிருந்து அம்மா வாசலைத் தாண்டவில்லை. பேசும்போதும் வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள். அதுவும் இல்லை.

“அப்ப, பாத்துக்கற செலவுன்னா எது?”

“வயசானவங்களைப் பகல்ல கொண்டுபோய் விடற இடம். உங்கம்மா தனியா இருக்க முடியாதவங்கதானே? செல்லும்.”

பல் இல்லாததால் வெளியே போகாதவளை வெளியே அனுப்பினால்தான் அந்தப் பணம் வரும். பல்லுக்கு வராது. வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 6

“என்னை நர்சரியில விடப்போறியா? இந்த வாயை வெச்சுக்கிட்டா?”

“அம்மா—”

“காலேஜ் படிச்சவ. ஒழுங்கா ஒரு பட்டனை அமுக்கத் தெரியல.”

உண்மைதானே. அதனால்தான் இப்படி வலிக்கிறது. போகாவிட்டால் எவ்வளவு வீணாகும் என்று மட்டும் சொன்னேன். பள்ளிக்கூடச் சமையலறையில் அடிப்பிடித்ததைக்கூடச் சுரண்டிப் பரிமாறியவள்.

“செவ்வாய், வியாழன். அதுக்கு மேல கேக்காத.”

பிப்ரவரி 11

கொண்டுபோய் விட்டேன். மூக்கு வரை மஃப்ளர். திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 20

கூட்டிவரக் கொஞ்சம் முன்னாலேயே போனேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், நாலு பேர் ஜோடி ஜோடியாக யூக்கர் சீட்டாட்டம் ஆடுகிறார்கள். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் தன் பல்செட்டைக் கழற்றிச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்! அம்மா மேஜையைத் தட்டிச் சிரிக்கிறாள். வாயை மூடாமல். நான் உள்ளே போகவில்லை, ஆட்டம் முடியட்டும் என்று.

காரில் ஏறியதும் ஆரம்பித்தாள். “அந்த ஃப்ராங்க், லாரி ஓட்டினவனாம். பல்லு குத்துதுன்னு எடுத்து வெச்சுட்டு ஆடறான், வெக்கங்கெட்டவன். கூட்டாளியா உக்காந்துட்டு என் சீட்டு மேலயே துருப்பு போடறான்!”

“வேற கூட்டாளி பாத்துக்கயேன்.”

“அதெப்படி? செவ்வாக்கிழமை அவனுக்குச் சரியா சொல்லிக் குடுக்கணும்.”

மார்ச் 12

டேரலுக்கு யூக்கர் தெரியுமாம். நானாகத்தான் கேட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

நேற்று சூப் குடித்துக்கொண்டே அம்மா சொன்னாள்: “நாலு நாளா ஆக்கிடு.”

“அதுக்குப் பிடிக்கற பணத்தைக் கூட்டணும், நடுவுல மாத்த முடியாதும்மா,” என்று சொல்லிவிட்டுத்தான் பட்டியல் நினைவுக்கு வந்தது. கவனிப்பு நேரத்தில் மாற்றம்.

பல்செட்டுக்கு அடுத்த வருஷம் அந்த ‘ஹெல்த்’ கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். “அது கெடக்கட்டும்,” என்றாள்.

இன்று மிஸஸ் வார்கோவிடம் கேட்டேன். செல்லும் என்றார். திரையில் ஒரு கட்டம்: ‘உங்கள் வாழ்க்கையில் என்ன மாறியது? சுருக்கமாக எழுதவும்.’

‘ஃப்ராங்குக்கு இன்னும் துருப்பு போடத் தெரியவில்லை’ என்று தட்டினேன். சிரிப்பு வந்தது. அதை அழித்துவிட்டு, ‘வாரத்தில் இரண்டு நாள், நான்கு நாளாகிறது’ என்று எழுதி அனுப்பினேன்.