மெதுவாக வேலை செய்யும் க்ரீம்

ஜூன் 10, செவ்வாய்

காலை ஆறரைக்கே வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கத்திரி முடிந்துவிட்டது என்று யாராவது அதனிடம் போய்ச் சொன்னால் தேவலை.

ராஜகீழ்ப்பாக்கம் லேஅவுட்டில் பத்மா அக்காவுக்கு ஸ்கூட்டி க்ளாஸ். ஆறு வருஷமாகப் பெண்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன், இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லை. கையில் இரண்டு ப்ரேக் இருக்க, இரண்டு காலையும் தரையில் தேய்த்து நிறுத்துகிறார். அதற்குள் ஒரு ஜோடி செருப்பு காலி. "அக்கா, காலைத் தூக்குங்க! காலை!" கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது எனக்கு.

தண்ணீர் குடிக்க ஹெல்மெட்டைக் கழற்றினேன். அக்கா வண்டியை அப்படியே விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா ஷமீ, மூஞ்சில மங்கு வுயுந்துகீது? மூக்காண்ட செவசெவன்னு வேற கீது?"

ஊரே ஓரக்கண்ணால் பார்க்கிறது. வாயைத் திறந்து கேட்டவர் இவர் ஒருத்தர்தான். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றேன்.
– இரண்டு கன்னத்திலும் மங்கு. இடது பக்கம் பெரிசு.
– மேலுதட்டில் நிழல். தூரத்தில் இருந்து பார்த்தால் மீசை.
– மூக்கைச் சுற்றிச் சிவப்பு. இது வெயில் இல்லை. போன ரம்ஜானுக்கு ஆசைப்பட்டுப் போட்ட 'ஒரே வாரத்தில் பளபள' க்ரீம் கொடுத்த பரிசு.
– மற்றபடி லட்சணமான முகம். நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்வது.

அடுத்த மாதக் கடைசியில் மச்சானின் அக்கா மகளுக்குப் பல்லாவரத்தில் நிக்காஹ். போட்டோ எடுக்க ஆள் வந்தாலே நான் சமையல் நடக்கிற பக்கம் ஒதுங்கிவிடுவேன் என்று மச்சானுக்குத் தெரியும். "இந்தத் தடவை நீ போட்டோல நிக்கணும்" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். நாளைச் சாயங்காலம் தாம்பரத்தில் தோல் டாக்டர். மச்சானே போன் போட்டு நேரம் வாங்கிவிட்டார்.

(நான் மச்சான் என்பது பத்மா அக்காவுக்குத் தீராத சிரிப்பு. "கட்னவரப் போயி மச்சான்றியே!" எங்கள் வீடுகளில் வீட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம் என்று எத்தனை தடவை சொன்னாலும் சிரிக்கிறார்.)

ஜூன் 11, புதன்

மழை வருகிற மாதிரி பாவ்லா காட்டிவிட்டுப் போய்விட்டது.

டாக்டர் சின்னப் பெண். அவள் முகத்தில் ஒரு புள்ளி இல்லை. பார்த்ததும் எனக்கு நம்பிக்கையும் பொறாமையும் ஒரே நேரத்தில்.

பேச ஆரம்பித்த நேரம் பார்த்து மச்சானுக்குப் போன். அவருடையது கார், பைக்குக்கு சீட் கவர் போடும் கடை. கேட்ட கலர் வேறு, தைத்த கலர் வேறு என்று யாரோ சண்டை. தையல் மெஷின் சத்தத்திலேயே காலம் தள்ளியவருக்கு மெதுவாகப் பேச வராது. நர்ஸ் முறைத்ததும் வெளியே போய்விட்டார்.

டாக்டர் என்னிடம் சொன்னாள்: "ரெண்டு வழி இருக்கு மேடம். ஒரு க்ரீம் சீக்கிரம் வேலை செய்யும், ஆனா ஸ்ட்ராங். இன்னொண்ணு அசெலெயிக் ஆசிட். சாது. மங்கு, செவப்பு ரெண்டையும் கொறைக்கும், ஆனா மெதுவா. மூணு மாசம்கூட ஆகலாம். குழந்தைக்கு ட்ரை பண்றீங்களா? அப்படின்னா மொதல்லது வேணாம். ரெண்டாவதை கர்ப்பமா இருந்தாலும் போடலாம்."

எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணமாகிப் பத்து வருஷம். ஊசி, மாத்திரை, ஸ்கேன், ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்து முடித்தாயிற்று. இரண்டு பேரிடமும் ஒரு குறையும் இல்லையாம், ஆனால் கரு தங்கவில்லை. கடைசித் தடவை நான் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தபோது மச்சான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "போதும் ஷமீ. நீ இருக்க, நான் இருக்கேன். இனிமே இந்தப் பேச்சே நம்ம வீட்ல வேணாம்." சரி என்றேன். அது ஆகிறது இரண்டு வருஷம். அன்றிலிருந்து அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அதனால் டாக்டரிடம் 'இல்லை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ரெண்டாவதையே எழுதிக் குடுங்க" என்று வந்தது.

மச்சான் உள்ளே வந்தார். "என்ன குடுத்தாங்க?"

"மெதுவா வேலை செய்றது."

சீட்டை வாங்கிப் பார்த்தவர் பதறிவிட்டார். "என்ன டாக்டர், ஆசிட்னு எழுதியிருக்கீங்க! எங்க கடைக்குப் பக்கத்துல பேட்டரிக்காரன் ஊத்துறானே, அந்த ஆசிடா?"

"புளியிலயும் ஆசிட் இருக்கு சார். ரசம் குடிக்கறீங்கல்ல?"

அடங்கினார்.

ஜூன் 12, வியாழன்

ராத்திரி தொழுகை முடித்து, முகம் கழுவித் துடைத்து, முதல் பூச்சு. பட்டாணி அளவு போதும். எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறு. சொறியக் கை போகிறது. மச்சான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேட்டரி வெடிக்கப் போவது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல மச்சான்."

"பொகை ஏதாவது வருதா?"

சிரித்ததில் க்ரீம் வாய்க்குள் போய்விட்டது. கசப்பு.

ஜூன் 20, வெள்ளி

வாங்க வேண்டியவை: சன்ஸ்க்ரீன், கேஸ் லைட்டர், மச்சானுக்கு பனியன், துவரம்பருப்பு.

சன்ஸ்க்ரீன் இரண்டு விரல் நீளம் எடுக்க வேண்டுமாம். அது இல்லாமல் க்ரீம் போடுவது வீண் என்று டாக்டர் கண்டிப்பு. போட்டுக்கொண்டு லேஅவுட்டுக்குப் போனேன்.

"மாவு மில்லாண்ட போய்ட்டு நேரா வந்துட்டியா?" – பத்மா அக்கா.

குறுகுறுப்பு நின்றுவிட்டது. மூக்கைச் சுற்றிச் சிவப்பு கொஞ்சம் அடங்கின மாதிரி. என் ஆசைக் கண்ணுக்கு அப்படித் தெரிகிறதோ என்னவோ.

இதை வேறு எங்கும் சொல்ல முடியாது, இங்கே எழுதிவிடுகிறேன். ராத்திரி ராத்திரி இந்த க்ரீமைத் தடவும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. முகத்துக்காக மட்டும் இல்லை. அந்த வேக க்ரீமை நான் வேண்டாம் என்று சொன்னேனே, அதற்காக. இன்னும் ஆசை இருக்கிறது எனக்கு. முழுசாக இருக்கிறது. மச்சானிடம் சொல்லப் பயம். அவர் எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கடைக்குப் போய் வருகிறார். மறுபடி கிளறிவிட்டு, மறுபடி ஒன்றும் இல்லை என்று ஆனால் அவர் தாங்க மாட்டார். நானாவது அழுதுவிடுவேன், அவர் அழவும் மாட்டார்.

கேஸ் லைட்டர் மறந்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

நல்ல காற்று. துணியெல்லாம் பக்கத்து வீட்டு மாடியில்.

மச்சான் கடையில் இருந்து ரெக்ஸின் சாம்பிள் புத்தகத்தை எடுத்து வந்திருக்கிறார். எதற்கு? என் மங்குக்கு ஷேடு பார்க்க!

"ட்யூப்லைட்ல கலர் தெரியாது, வெளில வா." பால்கனியில் நிறுத்தி, கன்னத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு ரெக்ஸின் துண்டாக வைத்துப் பார்க்கிறார். தண்ணி லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்த கீழ் வீட்டு அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். மானம் போயிற்று.

"ஆரம்பத்துல காபி ப்ரவுன் இருந்துச்சு. இப்ப டேன் கலருக்கு வந்துருச்சு. செவப்பு பாதி இல்ல."

"சீட் தைக்கப் போறீங்களா?"

"சும்மா இரு. தொழில் கண்ணு பொய் சொல்லாது."

கண்ணாடியில் பார்த்தேன். நிஜம்தான், குறைந்திருக்கிறது. மீசை கிட்டத்தட்டக் காணோம். குதிக்க வேண்டும் போல் இருந்தது.

ஆனால் அவருக்குப் போதவில்லை. "நிக்காஹ் வந்துருச்சே ஷமீ. மெதுவா மெதுவான்னா எவ்ளோ மெதுவா?"

ஜூலை 15, செவ்வாய்

மேடவாக்கம் ரோட்டில் இரண்டு தண்ணி லாரிக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் மச்சான் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். மேஜை மேல் மல்லிகைப்பூப் பொட்டலம், பக்கத்தில் ஒரு மருந்து டப்பா.

"கஸ்டமர் ஒருத்தர் சொன்னாரு. அவர் சம்சாரத்துக்கு ரெண்டே வாரத்துல போயிருச்சாம். ஜங்ஷன் மெடிக்கல்ல கேட்டு வாங்கிட்டேன். நிக்காஹுக்கு நீ முன் வரிசைல நிக்கற."

பெயரைப் பார்த்தேன். டாக்டர் முதலில் சொன்ன அதே வேக க்ரீம்.

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "நல்லதாப் போச்சு மச்சான்" என்றேன். பூவை வைத்துக்கொண்டேன். டப்பாவை பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன்.

ஜூலை 17, வியாழன்

அவருக்குச் சட்டை எடுத்துக் கொடுக்காமல் விட்டது என் தப்பு. பீரோவை அவரே திறந்திருக்கிறார். டப்பாவோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"சீல்கூட ஒடைக்கல. நான் வாங்கிட்டு வந்தா போட மாட்டியா?"

"அப்படியில்ல மச்சான்."

"எரியுமா?"

"இல்ல."

"பின்ன என்ன? சொல்லு. உனக்காகத்தான வாங்கினேன்."

குரல் இறங்கிவிட்டது. அவர் குரல் இறங்கி நான் கேட்டதே கொஞ்சம்தான். அடுப்பை அணைத்தேன்.

"குழந்தைக்கு ட்ரை பண்றவங்க அதப் போடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க."

"யார் ட்ரை பண்றா?"

வெள்ளந்தியாகக் கேட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"போதும்னு நீங்க சொன்னப்ப சரின்னேன்ல? சும்மா சொன்னேன் மச்சான். எனக்கு ஆசை போகல. அதான் அன்னிக்கு மெதுவா வேலை செய்றதையே கேட்டு வாங்கினேன்."

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாங்கு சொன்னார்கள். தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து சாப்பிட்டார். "ரசம் நல்லாருக்கு" என்றார். அதில் உப்பே போடவில்லை நான்.

ஜூலை 18, வெள்ளி

மூட்டம். தூறல் இல்லை.

காலையில் மச்சான் கடைக்கு, அப்படியே ஜும்ஆ தொழுகை, மறுபடி கடை. மத்தியானம் சாப்பிட வரவில்லை, ஆர்டர் நெருக்கமாம். சொல்லியிருக்கக் கூடாதோ? ஆறின புண்ணில் விரலை விட்டுவிட்டேனோ? நேற்றுப் பதில் ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. முடியாது என்றிருந்தால்கூட.

"இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற?" என்று பத்மா அக்கா கேட்டார். தலைவலி என்றேன். "ஹெல்மெட்டு டைட்டா இருக்கும்" என்று அவரே மருத்துவம் பார்த்து முடித்துவிட்டார்.

ஒரே ஒரு நல்ல விஷயம். அக்கா இன்று யூ-டர்ன் போட்டார்! இரண்டு காலும் மேலே! நான் கைதட்டினேன். அக்கா பதிலுக்குக் கைதட்டப் போய் ஹாண்டிலை விட்டுவிட்டார். சேதம் ஒன்றும் இல்லை. ஒரு செம்பருத்திச் செடி மட்டும்.

ஜூலை 19, சனி

காலை க்ளாஸ் முடிந்து வந்தேன். மச்சான் கடைக்குப் போகாமல் வாசலில் நிற்கிறார். கையில் அந்த டப்பா.

"வண்டிய எடு. ஜங்ஷன் வரைக்கும் போகணும்."

வழி முழுக்கப் பின்னால் இருந்து என் தோளைப் பிடித்த பிடி கெட்டியாக இருந்தது. மெடிக்கல் வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டோடு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் மட்டும் இறங்கிப் போனார். சனிக்கிழமைக் கூட்டம். கவுண்டரில் ஐந்தாறு பேர்.

"அண்ணா, இத ரிடர்ன் எடுத்துக்குங்க. பிரிக்கல."

"ஏன் பாய், சேரலையா?"

மச்சானுக்கு மெதுவாகப் பேச வராது என்று எழுதியிருக்கிறேன். ரோட்டில் பஸ் ஹாரனைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"இத நாங்க போடக்கூடாதாம். நாங்க குழந்தைக்கு ட்ரை பண்றோம்."

கவுண்டரில் அத்தனை பேரும் திரும்பினார்கள். சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். மச்சான் யாரையும் பார்க்கவில்லை, டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினார்.

"அந்த மெதுவா வேலை செய்ற க்ரீம் இருக்குல்ல, அதுல ரெண்டு ட்யூப் குடுங்க. எங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

நெற்றி நிறைய விபூதியோடு இருந்த கடைக்காரர் இரண்டு ட்யூபையும் கவரில் போட்டுக் கொடுத்து, "இன்ஷா அல்லாஹ், பாய்" என்றார்.

மச்சான் வந்து பின்னால் ஏறினார். நான் வண்டியை எடுக்கவில்லை. ரோடு கலங்கலாகத் தெரிந்தது.

"என்ன, அழறியா?"

"இல்ல. க்ரீம் கண்ணுல எரியுது."

"அது ராத்திரிதான போடுவ" என்றார். "வண்டிய எடு."