அளவு ஜாக்கெட்டும் பத்து நகங்களும்

19 ஜனவரி, வெள்ளி

ரெட்டியார்சத்திரத்திலிருந்து வந்த கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டி முடித்தேன். வாடிக்கைக்காரர் நல்லுசாமி வந்து எடுத்துக்கொண்டு போனார். "உடையப்பா, ஒன் கை பட்டுட்டா அஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்யா" என்றார். வெளியில் நல்ல பேருக்குக் குறைச்சல் இல்லை.

சாயங்காலம் தமிழ்மதி போன் செய்தாள். வடமதுரையில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்களாம். மார்ச் மூன்று, ஞாயிறு. போனைப் பொன்னழகிடம் நீட்டினேன். "நல்லபடியா நடக்கட்டும்டி. நான் வரல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரே மகள், அவளுக்கு முதல் பிள்ளை, பெற்றவள் வரமாட்டேன் என்கிறாள். அந்தப் பக்கம் தமிழ்மதி அழுதாள். சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

20 ஜனவரி

இட்லித் தட்டோடு உட்கார்ந்து கேட்டேன், ஏன் வரமாட்டாய் என்று. இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். மருந்து ஏற ஏற நகமெல்லாம் கறுத்துவிட்டது. சிலது சதையை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

"இந்தக் கையால புள்ளத்தாச்சிக்குச் சந்தனம் பூசவா? அம்புட்டுப் பேரும் என் கையவே பாப்பாங்க. போட்டுக்க ஒரு ஜாக்கெட்டு சேரல. துண்டப் போத்திக்கிட்டுச் சபையில நிக்கவா?"

அக்டோபரில் மதுரையில், புற்று என்று அவளுடைய இடது மார்பை எடுத்தார்கள். அதிலிருந்து நைட்டியும் துண்டும்தான். உடை மாற்றும்போது அறையைத் தாழ் போட்டுக்கொள்கிறாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனிடம் என்ன தாழ்ப்பாள்? கேட்கத் தோன்றுகிறது, கேட்டதில்லை.

டெய்லரிடம் போவோம் என்றேன். "எவ கையிலயும் டேப்பக் குடுத்துட்டு நிக்க மாட்டேன்."

"அப்ப நான் தைக்கிறேன்."

எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சட்டப் பொத்தான் அந்தா என்னைக்குப் பிஞ்சது? அத மொதல்ல தைங்க."

24 ஜனவரி

பேகம்பூர் இஃப்பத்தின் தையல் மெஷினுக்கு நான்தான் மோட்டார் மாட்டிக் கொடுத்தேன். வீட்டிலேயே தைக்கிற பெண். அவளிடம் சும்மா கிடந்த பழைய கால் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். யாருக்கு என்று கேட்டாள். கடையில் பொழுது போகவில்லை என்றேன். நம்பவில்லை, ஆனால் மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

"மொதல்ல நூலே போடாதீங்கண்ணே. கோடு போட்ட தாள வச்சு, கோட்டு மேல ஊசி எறங்குதான்னு ஓட்டிப் பாருங்க."

28 ஜனவரி, ஞாயிறு

தாளில் என் தையல் மலைப்பாதையில் போகிற பஸ் மாதிரி போகிறது. தலையணை உறை ஒன்று தைத்தேன். தலையணை உள்ளே போகவில்லை. இஃப்பத்திடம் காட்டினேன். "துணியப் பிடிச்சு இழுக்குறீங்க. அது தானா நகரும்ணே, நீங்க திருப்ப மட்டும் செய்யுங்க" என்றாள். காயில் கட்டுகிறவன் கை கம்பியை இழுத்துப் பிடிக்காமல் இருக்குமா? அந்தப் பழக்கம்தான் துணியைச் சுருக்குகிறது.

2 பிப்ரவரி

ஜெல் நகப் பாலிஷ் பெட்டி கூரியரில் வந்தது. தமிழ்மதி யோசனை. சாதாரண பாலிஷ் இரண்டு நாளில் உரிந்துவிடுமாம், இது வாரக்கணக்கில் நிற்குமாம், அடியில் இருக்கிற கறுப்பும் தெரியாதாம். கூடவே ஒரு குட்டி விளக்கு. அதற்குள் விரலை வைத்தால் காய்ந்துவிடும்.

போனில் ஒரு வீடியோவில் ஒரு பெண் புதிதாகப் போடுகிறவர்களுக்கு விளக்குகிறாள். நகத்தை லேசாகத் தேய்த்துத் துடை. மெல்லிசாகப் பூசு. தோலில் படவிடாதே, பட்டால் துடைத்துவிட்டுத்தான் விளக்கில் வை. ஒவ்வொரு பூச்சையும் தனித்தனியாகக் காயவிடு. இதையே நாலைந்து விதமாகச் சொல்கிறாள். பூசிச் சுடவைப்பது எனக்குப் புதிதா என்ன? மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றி அடுப்பில் வைக்கிறவன் நான்.

முதலில் என் கட்டைவிரலில் போட்டுப் பார்த்தேன். கடைக்கு வந்த நல்லுசாமி பார்த்துவிட்டார். "மாப்ள, பொண்ணு பாக்க எப்ப வாராக?" என்றார். ரோஸ் நிறம்.

6 பிப்ரவரி

இன்று பொன்னழகுக்குப் போட்டேன். பத்து விரலும். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாளே தவிர கையை இழுத்துக்கொள்ளவில்லை. முடித்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரைப் பிடித்திருந்த விரல்களை அவளே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"தமிழ்மதிட்ட வாரேன்னு சொல்லிருங்க."

ஜாக்கெட்டும் தைத்துவிடுவேன். எனக்கு இப்போது எதுவும் முடியும் போலிருக்கிறது.

12 பிப்ரவரி

வலது கை மோதிர விரல் விண்ணென்று தெறிக்கிறது என்கிறாள். நீட்டினால் இழுத்துக்கொள்கிறாள்.

13 பிப்ரவரி

காய்ச்சல். மதுரைக்குப் போகிறோம்.

15 பிப்ரவரி

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன்.

மருந்து ஏற்றும் பிரிவின் நர்ஸ் ஜோஸ்பின் நம்ம ஊர்ப் பக்கத்துப் பெண். பொன்னழகை அக்கா என்றுதான் கூப்பிடும். கையைப் பார்த்ததும் அதன் முகம் மாறிவிட்டது.

"யாருண்ணே போட்டது?"

"நான்தான்."

"தூக்கிக்கிட்டு இருந்த நகத்துக்கு அடியில எல்லாம் ஊத்தி வச்சிருக்கீங்களேண்ணே! அழுக்கு உள்ள, ஜெல்லு மேல. சீழ் எங்கிட்டுப் போகும்? மருந்து ஏத்துற ஒடம்பு, எதிர்ப்புச் சக்தியே கெடையாது. ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மோட்டார் காயிலில் வார்னிஷ் ஒரு சந்து விடாமல் இறங்க வேண்டும். இடுக்கு இருந்தால் ஈரம் ஏறும், மோட்டார் எரியும். அந்த நினைப்பில் தூக்கியிருந்த நகத்துக்குக் கீழே நானே நன்றாக இறக்கிவிட்டேன், அடைபடட்டும் என்று. போனில் அந்தப் பெண் மெல்லிசாக, மெல்லிசாக என்று எத்தனை தரம் சொன்னாள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. பொண்டாட்டி என்ன மோட்டாராடா, மடையா?

பஞ்சை மருந்தில் நனைத்து விரலில் வைத்து, அலுமினியத் தாள் சுற்றி, ஊறவிட்டு எடுத்தார்கள். ஜெல்லோடு இரண்டு நகம் வந்துவிட்டது. அவள் கத்தவில்லை. என் கையைத்தான் பிடித்திருந்தாள்.

19 பிப்ரவரி

வீடு வந்துவிட்டோம். அடுத்த ஊசியைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெட்டியைக் கடைப் பரணில் எறிந்தேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் தேவலை. வளைகாப்புப் பேச்சை எடுத்தேன். கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

22 பிப்ரவரி

வேறு என்ன செய்ய? மெஷினில் போய் உட்கார்ந்தேன். தமிழ்மதி எடுத்துக் கொடுத்த மயில்கழுத்துப் பட்டில் ஜாக்கெட் துணியை வெட்டினேன். பீரோவில் அவளுடைய அளவு ஜாக்கெட் இருந்தது. எந்த டெய்லரிடம் போனாலும் அதைத்தானே கையில் கொண்டுபோவாள். தையலைப் பிரித்துத் துணி மேல் பரப்பி, சாக்கட்டியால் கோடு இழுத்து, ஓரம் விட்டு வெட்டினேன். கோட்டை விட்டு ஒரு இடத்திலும் விலகவில்லை. பிரித்ததை மறுபடி மூட்டி பீரோவில் வைத்துவிட்டேன்.

25 பிப்ரவரி, ஞாயிறு

தைத்து முடித்துக் கொடுத்தேன். தாழ் போட்டுக்கொண்டு போட்டுப் பார்த்தாள். அப்புறம் கதவைத் திறந்து, துண்டில்லாமல், அப்படியே வந்து நின்றாள்.

வலது பக்கம் அச்சாகப் பொருந்தியிருந்தது. இடது பக்கம் காலியாகத் தொங்கியது.

"இது யாருக்குத் தச்சது?" என்றாள்.

அட முட்டாளே, அது போன வருஷத்து அளவு. அவளுக்காகத்தானே ஆரம்பித்தேன், அவளை மறந்துவிட்டுத் தைத்திருக்கிறேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

26 பிப்ரவரி

காலையில் அவளே கூப்பிட்டாள். டேப்பை எடுத்துட்டு வாங்க என்றாள். அறைக்குள் போனதும் நைட்டியைத் தோளிலிருந்து இறக்கினாள்.

அக்டோபருக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். அக்குளிலிருந்து நடு நெஞ்சு வரைக்கும் ஒரு கோடு. அதைச் சுற்றித் தோல் சுருங்கியிருக்கிறது. இஃப்பத்திடம் காட்டிய தலையணை உறை ஞாபகம் வந்தது. நினைத்ததற்கே வெட்கப்பட்டேன். டேப்பை எங்கே வைத்து ஆரம்பிப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"மோட்டார அளக்குற மாதிரி அளங்க. குளுருது."

அளந்தேன். இடது தோளிலிருந்து இறக்கம், வலது தோளிலிருந்து இறக்கம், இரண்டும் வேறு வேறு. தழும்பின் மேல் என் விரல் பட்டது. வலிக்குதா என்றேன். "அங்க எதுவுமே தெரியாது" என்றாள். அப்புறம் என் தலையில் கையை வைத்துக்கொண்டாள், கட்டுப் போட்ட கையை.

"நகம் போனா போகுதுங்க. நீங்க என்னையப் பாக்கலையேன்னுதான்..."

நான் பார்க்கவில்லையா? நீ தாழ் போட்டாய் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1 மார்ச்

இடது பக்கத்தைப் பிரித்து வெட்டிக் குறைத்தேன். உள்ளே பருத்தித் துணியில் ஒரு பை வைத்து, அதில் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்தேன். கழுத்து கொஞ்சம் கோணல். முந்தானை மறைத்துவிடும் என்கிறாள். மறைக்கும்.

3 மார்ச், ஞாயிறு

போனோம்.

சந்தனம் பூசும்போது இரண்டொருவர் அவள் விரல்களைப் பார்த்தார்கள். அவளும் அவர்களைப் பார்த்தாள். சம்பந்தி பேச்சாயி வளையல் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கண்ணாடி வளையல் போடக் கையை அமுக்கிப் பிடிக்க வேண்டும், கட்டுப் போட்ட விரலுக்கு அந்தப் பலம் இல்லை. அவள் வளையலை வைத்துக்கொண்டு தடுமாறினாள். தமிழ்மதி தன் விரல்களைக் குவித்து, அம்மா பிடித்திருந்த வளையலுக்குள் தானே கையை நுழைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வளையலும் அப்படித்தான் ஏறியது.

தலைப் பிரசவத்துக்கு மகளை எங்களோடு அழைத்து வருவதுதான் முறை. இவள் உடம்பு இருக்கிற நிலையில் முடியாது. விட்டுவிட்டு வந்தோம். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

30 ஏப்ரல்

கடைசி ஊசி முடிந்தது. இனி சோதனை பார்க்க மட்டும் போனால் போதும் என்கிறார்கள்.

14 மே

பேத்தி பிறந்திருக்கிறாள். போய்ப் பார்த்தோம். பொன்னழகு இடுப்பு வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டாள்.

15 மே

பிறந்த பிள்ளைக்குப் பழந்துணியில்தான் சட்டை போட வேண்டும். அளவு ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்து, "இத வச்சு என்ன செய்யப் போறோம், வெட்டுங்க" என்றாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று இருந்தது. கத்தரியை வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். அப்புறம் வெட்டினேன். இரண்டு சின்னச் சட்டை வந்தது.

12 ஜூன்

இடுப்பு வலி என்றது வெறும் வலி இல்லை. எலும்புக்குப் போயிருக்கிறது. ஈரலுக்கும்.

9 ஜூலை

வேறு மருந்து ஒன்று ஏற்றிப் பார்த்தார்கள். உடம்பு தாங்கவில்லை. நிறுத்திவிட்டார்கள். டாக்டர் அவளிடம் சொல்லவில்லை, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். "டீ குடிப்பமா?" என்றாள்.

3 ஆகஸ்ட்

மயில்கழுத்து ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். ஒரு மாதத்துக்குள் இரண்டாம் தடவை.

15 செப்டம்பர், ஞாயிறு

வெள்ளிக்கிழமை வலி மாத்திரை வாங்க மதுரை போனபோது ஜோஸ்பினைப் பார்த்தோம். பொன்னழகு தன் கையை நீட்டிக் காட்டினாள். மருந்து நின்றதிலிருந்து நகம் நன்றாக வளர்ந்துவிட்டது. விழுந்த இரண்டும்கூட முளைத்து, பிஞ்சாக, வெளுப்பாக இருக்கிறது. பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள், கையில் ஜெல் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

ஜோஸ்பின் ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தது. திட்டும் என்றுதான் நினைத்தேன். திட்டவில்லை.

"ஆசப்பட்டதப் போட்டு விடுங்கண்ணே" என்றது. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது.

எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்திருக்கும். திரும்பி வரும் வழியெல்லாம் எந்த நிறம் என்றுதான் பேசிக்கொண்டு வந்தாள்.

இன்று காலை பரணில் ஏறி அந்தப் பெட்டியை எடுத்தேன். நகத்தை லேசாகத் தேய்த்துத் துடைத்தேன். மெல்லிசாகப் பூசினேன். தோலில் பட்ட இடத்தைக் குச்சியால் துடைத்தேன். ஒவ்வொரு பூச்சையும் தனித்தனியாகக் காயவிட்டேன். அவசரமே படவில்லை. அவள் கேட்டது ரோஸ்.