இறுகாத மாவு

மார்ச் 4, செவ்வாய்
பல் அச்செடுக்கும் மாவு இன்றும் இறுகவில்லை. இரண்டாவது தடவை. வெள்ளை மாவும் நீல மாவும் சம அளவு எடுத்து அரை நிமிடம் பிசைந்து தருகிறேன். டாக்டர் தட்டில் அப்பி நோயாளியின் பல்லில் அழுத்துகிறார். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

"சம அளவுதான் எடுத்தியாம்மா?" என்றார். எடுத்தேன். எடுத்தேனா? இப்போது எனக்கே சந்தேகம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்றிருக்கிறார். இருபதாம் தேதி கெடு. வீட்டில் அவருக்கு வேலை போய் நாலு மாதம். இதுவும் போனால்?

மார்ச் 6
ஐயோ. இறுகாத மாவு ஒரு பெரியவரின் தொண்டைக்குள் வழுக்கிவிட்டது. இருமி இருமி முகமே சிவந்துபோனது. டாக்டர் விரலை விட்டு எடுத்தார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்." எல்லார் முன்னாலும் சொன்னார்.

மார்ச் 7
இன்று அச்செடுக்க யாரும் வரவில்லை. தப்பித்தேன்.

மார்ச் 8
மாவுப் பெட்டிக்குள் இருந்த தாளை இன்றுதான் வரி விடாமல் படித்தேன். சிலிக்கோன், நைசான கல்தூள், துளியூண்டு பிளாட்டினம். அந்தத் துளிதான் மாவை இறுக வைக்கிறதாம். கந்தகம் பட்டால் அது வேலை செய்யாது. ரப்பர் கையுறையில் கந்தகம் உண்டு, அதோடு பிசையவே கூடாது.

பிளாஸ்டிக் கையுறை தொளதொளவென்று இருக்கிறதென்று போன வாரம் ரப்பருக்கு மாறியது யார்? நானேதான். சனியனே!

மார்ச் 10
சொல்லிவிடத்தான் போனேன். அதற்குள் டாக்டர், மாவு கொண்டுவரும் விற்பனையாளரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். வந்தாலே எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற மனிதர், வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"சார், நம்ம சரக்குல குறையே இருக்காது. அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

நான் குனிந்து தட்டைக் கழுவினேன்.

மார்ச் 12
புதுப் பெட்டி, என் கையில் மறுபடி பிளாஸ்டிக் கையுறை. கல்லாக இறுகியது. "பாத்தியா, பழைய சரக்கை நம்ம தலைல கட்டியிருக்கான். கம்பெனிக்கு எழுதிப் போட்டுட்டேன்," என்றார் டாக்டர்.

ஆமாம் சார் என்றேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 20
வேலை நிரந்தரம். வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னதும் அவர் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

மாலையில் மாவு கொண்டுவந்தது வேறு ஆள். பழையவர் எங்கே என்று கேட்டேன்.

"அவரா? இங்கேருந்து போன புகார்ல நிறுத்திட்டாங்கக்கா. ரெண்டு சின்னப் பிள்ளைங்க வேற. அப்படி என்னதான் ஆச்சு? நீங்க அப்ப இங்கதான் இருந்தீங்களா?"

"இல்லப்பா, நான் இப்பத்தான் சேர்ந்தேன்," என்றேன்.