இது எங்களுக்குமா?

மார்ச் 4, செவ்வாய்
காலையில் மட்டும் ஆறு கைக்குழந்தைகள். உருட்டி, உட்கார வைத்து, பயிற்சி கொடுத்து முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. குழந்தை வளர்ச்சி மையம் என்று பலகை மாட்டினால் போதுமா? இன்னொரு ஆள் போட மாட்டார்களாம்.

மார்ச் 6
இங்கே பெருக்கித் துடைக்கும் அக்கா இன்று மகளையும் தூக்கி வந்திருந்தார். பத்து மாதம். கழுத்து இன்னும் நிற்கவில்லை. தோளில் ஈரத்துணி போலக் கிடக்கிறாள்.

"சரியான சோம்பேறிம்மா. அவங்கப்பாவை உரிச்சு வச்சிருக்கா" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இங்கேயே பயிற்சி கொடுக்கலாமே அக்கா?"

"இது எங்களுக்குமா?"

இரண்டு வருடமாக இந்த அறையைத் துடைக்கிறார். ஒரு நாளாவது குழந்தையைப் பற்றிக் கேட்டேனா? கேக்கலையே. என்ன மனுஷி நான்!

மார்ச் 7
அக்காவின் மகளைச் சேர்க்க நான் கொடுத்த விண்ணப்பத்தை மையப் பொறுப்பாளர் திருப்பிவிட்டார். நிலையான முகவரி இல்லையாம். அக்காவின் கணவருக்குக் கட்டட வேலை. வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகை. அது முடிந்தால் வேறு இடம்.

"விதி அப்படிம்மா. முகவரி கிடைச்சதும் வரட்டும், நான் என்ன பண்றது?"

"அதுவரைக்கும் குழந்தை வளராம காத்துட்டிருக்குமா சார்?"

கத்திவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு
அக்காவின் கொட்டகைக்குப் போனேன். கணவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"எழுதிக் குடுத்தா ஊனம்னு முத்திரை குத்திடுவீங்க. அப்புறம் ஆயுசுக்கும் அதான் அவ பேரு."

அவரைப் படுக்கச் சொல்லி, குழந்தையை அவர் நெஞ்சில் குப்புறப் போட்டேன். "கூப்பிடுங்கண்ணா."

கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். அவள் தலையைத் தூக்கி — ஒரு நொடி, ஒரே நொடி — அப்பாவைப் பார்த்தாள்.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மார்ச் 10
முகவரிக் கட்டத்தில் எங்கள் மையத்தின் முகவரியையே எழுதினேன். அம்மா வேலை பார்க்கும் இடம்தானே, பொய்யில்லையே. பொறுப்பாளர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மே 19
அக்காவின் மகள் எட்டு எண்ணும்வரை சாயாமல் உட்கார்ந்தாள். ஒன்பதில் தொப்பென்று விழுந்து, அவளே சிரித்தாள்.

ஜூலை 2
பேருந்து கிடைக்காமல் தாமதம். ஓடி வந்தால், என் மேசையருகே ஒரு புதுப் பெண், மடியில் பச்சைக் குழந்தை. பக்கத்துக் கொட்டகைக்காரியாம். எதிரே அக்கா, விண்ணப்பத்தை விரித்து, பேனாவோடு.

"பயப்படாதடி. புள்ளைக்கு எத்தனை மாசம்? பால் நல்லா குடிக்கிறானா? சரி, நீ சாப்டியா?"

உள்ளே போய்க் கலைக்க மனமில்லை. வாசலிலேயே நின்றுகொண்டேன்.