கௌரி பணத்துக்கு வீட்டுப்பேர்

தை 9, வெள்ளி

முருகா, எங்க பொண்ணு கௌரி படிப்புக்காகப் போட்டுக்கினு வந்த வரியில்லாத சுகன்யா சேமிப்பை, திருப்பதிக்குக் குடிவந்துட்டதால இங்கே பேங்குக்கு மாத்தப் போனேன். பிச்சாட்டூர் போஸ்ட் ஆபீஸ்ல கணக்கை மூடி செக் குடுத்துட்டாங்க. பேங்கம்மா வாங்கல.

"பாஸ்புக்ல எம். கௌரி, ஆதார்ல பிச்சாட்டூர் கௌரி. இன்டிபேரு ஏதம்மா?"

"தெலுங்குக்காரங்க மாதிரி எங்களுக்கு வீட்டுப்பேரே கிடையாதுங்க, அப்பா பேரோட முதலெழுத்துதான். ஸ்கூல்ல ஆதாருக்குக் கேட்டப்போ வீட்டுக்காரர் ஊர்ப்பேரைச் சொல்லிட்டார்."

"அப்போ ஊருக்கே பணம் போடட்டுமா?"

வரிசையில நின்னவங்க சிரிச்சாங்க.

"ஆதாரைத் திருத்திக்கலாம், படு"ன்னுட்டு வீட்டுக்காரர் இப்போ தூங்கறார். அதுக்குள்ள பாதியில முறிச்ச கணக்குன்னு வட்டிக்கு வரி போட்டுடுவாங்களோ? சாமி படத்தடியில செக் இருக்குதான்னு மறுபடியும் எழுந்து பார்த்தேன். இருக்குது. ஆனா இந்த ராத்திரி கௌரி பணம் எந்தக் கணக்கிலயும் இல்லை.